குப்பாவும் டிவைடிங் மெஸ்ஸும்

(விடுதி முன்னாள் மாணவர் கூடலில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, கல்லூரி முதல்வர் அவர்களே, விடுதிக் காப்பாளர் அவர்களே, பந்தலுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் பொறுப்பேற்றுக்கொண்ட 1981-ஆம் ஆண்டு அணி நண்பர்களே, காலையிலிருந்து ‘ஹலோ, மைக் டெஸ்டிங்’ என்று என்னைவிட அதிகமாகப் பேசிவிட்ட ஒலிபெருக்கித் தம்பி அவர்களே, வணக்கம். முன்வரிசையில் நம் பழைய மெஸ் மாஸ்டர் அண்ணன் உட்கார்ந்திருக்கிறார். முதல்வருக்குப் பொன்னாடை போர்த்தியபோது வந்த கைதட்டலையும் அண்ணனுக்குப் போர்த்தியபோது வந்த கைதட்டலையும் முதல்வரே கேட்டிருப்பார். அவர் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன்.

‘வெளிநாட்டில் ஓராண்டு: யூத இளைஞர்களின் தொண்டும் கல்வியும்’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இருபது நிமிடம். மூன்று விஷயம் சொல்லலாம் என்று குறித்து வந்திருக்கிறேன். ஒன்று, அவர்கள் கூடி வாழும் முறை. இரண்டு, அவர்கள் படிக்கும் முறை. மூன்று, அந்த மண்ணின் அரசியல். ஆனால் என் வாயில் எப்போதும் கிடக்கும் பழமொழி உங்களுக்குத் தெரியும்: ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. நான் எங்கே தொடங்கினாலும் அடுப்படியில்தான் வந்து நிற்பேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2007-இல் சொட்டுநீர்ப் பாசன ஆராய்ச்சிக்காக இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் ஸ்தே போக்கர் என்ற இடத்தில் இருந்தேன். அந்நாட்டின் முதல் பிரதமர் பென் குரியன் 1953-இல் பதவியை விட்டுவிட்டு, ஆட்டுப்பட்டி பார்க்கப் போய்க் குடியேறிய ஊர். அங்கிருந்து வடக்கே பஸ் ஏறினால் பீர்ஷெபா. நம் தமிழ் பைபிளில் பெயெர்செபா என்று வருமே, அதேதான். அங்கே ஒரு அடுக்குமாடி வீட்டில் பதினான்கு பிள்ளைகள் ஒன்றாகத் தங்கியிருந்தார்கள். எல்லாரும் பள்ளிப் படிப்பை முடித்த கையோடு இங்கிலாந்திலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் வந்த பதினெட்டு, பத்தொன்பது வயதுக்காரர்கள். கல்லூரியில் சேருமுன் ஒரு வருடம் இங்கே.

அவர்களை அனுப்பியது ஹபோனிம் ட்ரோர் என்ற இளைஞர் இயக்கம். ஹபோனிம் என்றால் எபிரேயத்தில் கட்டுபவர்கள், ட்ரோர் என்றால் விடுதலை. ஹபோனிம் 1929-இல் லண்டனின் கிழக்குப் பகுதியில், கப்பலேறி வந்த ஏழை யூதக் குடும்பங்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. ட்ரோர் கிழக்கு ஐரோப்பாவில் பிறந்தது. 1943-இல் போலந்தின் வார்சா நகரில், யூதர்களை அடைத்துவைத்திருந்த கெட்டோ என்ற பகுதியில் நாஜிகளை எதிர்த்து ஆயுதம் எடுத்தவர்களில் ட்ரோர் இயக்கத்தின் ஸிவியா லுபெட்கினும் ஒருவர். இரண்டு இயக்கங்களும் 1982-இல் இணைந்தன.

அந்த ஒரு வருடத்தில் கிபுட்ஸ் எனும் கூட்டுப் பண்ணையில் சில மாதம் வேலை. எருசலேமில் 1946-இல் தொடங்கிய மாக்கோன் என்ற பயிற்சி நிலையத்தில் சில மாதம் படிப்பு. அப்புறம் இப்படி ஏதாவது ஒரு ஊரில் வீடெடுத்துத் தங்கித் தொண்டு. பீர்ஷெபா பிள்ளைகள் எத்தியோப்பிய யூதக் குடும்பங்களின் குழந்தைகளுக்கு மாலை வகுப்பு எடுத்தார்கள். 1991 மே மாதம் ஏறக்குறைய ஒன்றரை நாளில் 14,000-க்கும் மேற்பட்ட எத்தியோப்பிய யூதர்களை விமானத்தில் கொண்டுவந்து சேர்த்தார்களே, அந்த மக்களின் பிள்ளைகள். கொண்டுவருவது ஒன்றரை நாள் வேலை. வந்தவர்களின் பிள்ளைக்கு வீட்டுக்கணக்குச் சொல்லிக் கொடுப்பது பல வருட வேலை.

சரி, முதல் விஷயத்துக்கு வருகிறேன். அந்த வீட்டில் தனிப்பணம் கிடையாது. எல்லாருடைய பணமும் ஒரே பெட்டியில். அதற்குப் பெயர் குப்பா. குப்பை இல்லை ஐயா, குப்பா! பொதுப்பை என்று வைத்துக்கொள்ளுங்கள். யாருக்கு எது தேவையோ அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். பெரிய செலவென்றால் அசெஃபா, அதாவது எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து பேசும் கூட்டம். சுவரில் தோரனூத் என்ற முறைப்பட்டியல்: இன்று சமையல் யார், பாத்திரம் யார், கழிப்பறை யார்.

எனக்கு ஒரு வெள்ளிக்கிழமை அழைப்பு வந்தது. சும்மா இருந்திருக்கலாம். ‘நான் சாம்பார் வைக்கிறேன்’ என்று வாயைக் கொடுத்துவிட்டேன். புளிக்கு அலைந்தேன். கறிவேப்பிலைக்கு எங்கே போவது? பீர்ஷெபா பக்கத்தில் நெவாத்தீம் என்று ஒரு ஊர் இருக்கிறது, கொச்சியிலிருந்து போன யூதர்கள் குடியேறியது. அங்கே ஒரு பாட்டி, தொட்டியில் வளர்த்த செடியிலிருந்து நான்கு கொத்து ஒடித்துக் கொடுத்து, மலையாளத்தில் எனக்கு இருபது நிமிடம் சமையல் பாடமும் நடத்தினார். பாலைவனத்தில் நின்று மலையாளம் கேட்டபோது, பக்கத்து வீட்டுப் பேச்சு மாதிரி இருந்தது.

பொழுது சாய்ந்தால் சப்பாத், ஓய்வுநாள். அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேர் சாமி கும்பிடாதவர்கள். ஆனாலும் வெள்ளி மாலை விளக்கேற்றுவதற்குள் அடுப்பை அணைப்பது என்று அசெஃபாவில் தீர்மானம் போட்டிருந்தார்கள். அவசர அவசரமாகச் சாம்பாரை இறக்கினேன். பாட்டுப் பாடி, ரொட்டி பிட்டு, அந்தப் பின்னல் ரொட்டியைச் சாம்பாரில் தோய்த்துச் சாப்பிட்டார்கள். நானும் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது, மாஸ்டர் அண்ணன் மன்னிக்கவும்.

சனி மாலை வரை பஸ் கிடையாது. ஆகவே அங்கேயே தங்கல். ராத்திரி ஒன்பது மணிக்கு அசெஃபா தொடங்கியது. பொருள்: ஒரு பையனின் ஷூ. பிய்ந்துவிட்டது. அவனுக்குக் கால்பந்து ஆடும் நல்ல ஷூ வேண்டும். அதை வாங்கினால் இரண்டு வாரம் யாருக்கும் பாலாடைக்கட்டி கிடையாது. மலிவான ஷூ வாங்கு என்றது ஒரு கட்சி. மலிவான ஷூ மூன்று மாதத்தில் பிய்யும் என்றது இன்னொரு கட்சி. கால்பந்து தேவையா ஆசையா என்று ஒருத்தி கேட்டாள். பாலாடைக்கட்டி மட்டும் தேவையா என்று அவன் திருப்பிக் கேட்டான். மணி பதினொன்று. எனக்குத் தூக்கம் சொக்குகிறது. ‘விருந்தாளி என்ன நினைக்கிறீர்கள்?’ என்று கேட்டுவிட்டார்கள். நான் நம் ஊர்ப் புத்தியில் சொன்னேன்: ‘அவன் அப்பாவைப் பணம் அனுப்பச் சொல்லலாமே?’

ஒருவரும் பேசவில்லை. அப்புறம், வந்ததிலிருந்து வாயே திறக்காத ஒரு பெண் மெதுவாகச் சொன்னாள்: ‘அவன் அப்பா அனுப்புவார். என் அப்பாவால் முடியாது. நாளையிலிருந்து இந்த மேசையில் இரண்டு வகை ஆட்கள் உட்காருவார்கள்.’

நள்ளிரவு தாண்டி நல்ல ஷூவுக்கே முடிவானது, ஒரு நிபந்தனையோடு: அதே கால் அளவுள்ள இன்னும் இரண்டு பேரும் முறைவைத்துப் போட்டுக்கொள்ளலாம். மறுநாள் இரவு பஸ்ஸுக்குக் கிளம்பும்போது சுவர்ப்பட்டியலைப் பார்க்கிறேன். அடுத்த வெள்ளிக்கிழமைக்கு நேராக என் பெயர். சமையலுக்கு இல்லை, பாத்திரத்துக்கு. சாம்பார்ச் சட்டியை அடிப்பிடிக்க விட்டுவிட்டேன் போலிருக்கிறது. போய்க் கழுவிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இதையெல்லாம் நாம் புத்தகத்தில் ‘சமத்துவம்’ என்று பதினைந்து மதிப்பெண்ணுக்குப் படித்தோம். ஏட்டுச் சுரைக்காய்!

இரண்டாவது, படிக்கும் முறை. யூதர்களிடம் ஹவ்ரூதா என்று ஒரு வழக்கம். இரண்டிரண்டு பேராக எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர் குறுக்கே கேள்வி கேட்பது. சனிக்கிழமை காலை அப்படி ஒரு ஜோடி, தால்மூத் என்ற பழைய யூத சமய நூலை வாசிப்பதைப் பார்த்தேன். கதை இதுதான். ஹோனி என்ற பெரியவர், கேரப் மரம் நடுகிறவன் ஒருவனைப் பார்த்து, இது எப்போது காய்க்கும் என்று கேட்கிறார். எழுபது வருடம் என்கிறான். அப்புறம் ஹோனி எழுபது வருடம் தூங்கிப்போகிறார். எழுந்து பாடசாலைக்குப் போனால், ‘இந்தப் பாடம் ஹோனி காலத்தில் போலத் தெளிவாக இருக்கிறது’ என்று பேசிக்கொள்கிறார்கள். நான்தான் ஹோனி என்றால் நம்ப ஆளில்லை. மனம் நொந்து சாவை வேண்டிச் செத்துப்போகிறார். ‘ஒன்று கூட்டாளி, இல்லையென்றால் சாவு’ என்று உலக வழக்கை மேற்கோள் காட்டி முடிகிறது கதை. அந்த இரண்டு பேரும் மரத்தை விட்டுவிட்டு, அவர் பெயரை மதித்தார்கள், ஆளை ஏன் நம்பவில்லை என்று மத்தியானம் வரை சண்டை போட்டார்கள். ஆசிரியர் கிடையாது, தேர்வு கிடையாது. கல்வி பற்றி இன்னும் நிறைய எழுதி வைத்திருக்கிறேன், மணி பார்க்கிறார் தலைவர்.

ஒன்று மட்டும் மறைக்கக் கூடாது. கிபுட்ஸ்களே இன்று மாறிவிட்டன. 1910-இல் தேகானியாவில் தொடங்கியவை, இன்று சுமார் 270 இருக்கின்றன. 1980-களின் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு பெரும்பாலானவற்றில் ஆளுக்கொரு சம்பளம், தனிக்கணக்கு. பொதுச் சாப்பாட்டுக்கூடத்தில் பல இடங்களில் தட்டுக்குக் காசு, சில இடங்களில் கூடமே மூடிக் கிடக்கிறது. ஒரு கிபுட்ஸ் கிழவர் என்னிடம் சொன்னார்: ‘சாப்பாட்டுக்கூடம் மூடிய அன்றைக்கே எங்களுக்குள் பேச்சு நின்றுவிட்டது.’

இப்போது நம் விடுதிக்கு வருவோம். நாம் இருந்தபோது டிவைடிங் சிஸ்டம். மாணவர் மெஸ் குழு, ஒரு செயலாளர், விடியற்காலையில் மாஸ்டர் அண்ணனோடு மார்க்கெட் போகும் இரண்டு பையன்கள். மாதக் கடைசியில் மொத்தச் செலவையும் வகுத்து, நாளொன்றுக்கு இவ்வளவு என்று கரும்பலகையில் எழுதுவார்கள். கத்தரிக்காய் விலை ஏறினால் பொருளாதாரத் துறைக்காரனுக்கு முன்னால் நமக்குத் தெரியும். திருட்டும் நடந்தது, இல்லை என்று சொல்லவில்லை. நான் செயலாளராக இருந்த மாதம் எண்ணெய்க் கணக்கு இடித்தது, இன்றுவரை விளங்கவில்லை. சிரிக்கிறவர்களுக்கு விளங்கியிருக்கலாம்.

இன்று ஒப்பந்தக்காரரிடம் கொடுத்துவிட்டார்கள். அட்டையைத் தேய்க்கிறான், தட்டை நீட்டுகிறான், பிடிக்கவில்லையென்றால் போனில் ஆர்டர் போட்டு வாசலில் வாங்கிக்கொள்கிறான். அப்பாவால் அனுப்ப முடிகிறவன் வாசலுக்குப் போகிறான், முடியாதவன் மெஸ்ஸில் உட்காருகிறான். இரண்டு வகை ஆட்கள்! நாட்டு நலப்பணித் திட்டம் இருக்கிறதே என்பார்கள். 1969-இல் தொடங்கிய நல்ல திட்டம்தான். இரண்டு ஆண்டில் 240 மணி நேரம், ஒரு ஏழு நாள் முகாம். முகாமில் பிள்ளைகள் சேர்ந்து சமைப்பதைப் பார்த்திருக்கிறேன். எட்டாம் நாள் விடுதிக்குத் திரும்பி அட்டையைத் தேய்க்கிறார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது, நாம் சுரைக்காயையே ஒப்பந்தத்துக்கு விட்டுவிட்டோம்.

மணி அடித்துவிட்டது. மூன்றாவது விஷயம் அப்படியே நிற்கிறது. அந்த வீட்டில் அது பேசப்படாமல் இல்லை. பாலஸ்தீனர்களின் நிலத்தைப் பற்றியும் உரிமையைப் பற்றியும் அந்தப் பிள்ளைகள் ஷூவுக்குப் போட்டதைவிடக் கடுமையாகச் சண்டை போட்டார்கள். இரண்டு பேர் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் பாத்திரம் சேர்ந்துதான் கழுவினார்கள். இன்றைய போரையும் சாவையும் வைத்துக்கொண்டு அதை இரண்டு நிமிடத்தில் பேசினால் மரியாதையாக இருக்காது. இன்னொரு கூட்டம் போடுங்கள், வருகிறேன்.

வாசல் பக்கத்து மேசையில் ஒரு மனு இருக்கிறது. முதல்வருக்குத்தான். நான்கு விடுதியில் ஒரே ஒரு விடுதி, ஒரே ஒரு செமஸ்டர், மெஸ்ஸை மாணவர் குழுவிடம் கொடுத்துப் பாருங்கள் என்று கேட்டிருக்கிறோம். முதல் பத்து நாள் கூட இருந்து கற்றுக்கொடுக்க மாஸ்டர் அண்ணன் ஒப்புக்கொண்டிருக்கிறார், சம்பளம் வேண்டாமாம், வெற்றிலைச் செலவு மட்டும். சாப்பாட்டுக்குப் போகிற வழியில்தான் மேசை. பேனா இரண்டுதான் இருக்கிறது, கையெழுத்துப் போட்டதும் திருப்பி வைத்துவிடுங்கள். வணக்கம்.