பாசிஃபயர் கொடுக்கலாமா, எப்போது கொடுக்கலாம்?

நேயர்களுக்கு வணக்கம்.

பச்சைக் குழந்தையோடு என்னிடம் வருகிற குடும்பங்களில் இப்போதெல்லாம் பாசிஃபயரைப் பற்றி, அதாவது குழந்தை சும்மா சப்புவதற்கான பால் வராத ரப்பர் காம்பைப் பற்றி, ஒரு கேள்வி தவறாமல் வருகிறது. பெரும்பாலும் அப்பாதான் கேட்பார். "டாக்டர், ராத்திரி பூரா அழுவுறான். பாசிஃபயர் கொடுக்கலாமா?" அவர் முடிப்பதற்குள் பின்னாலிருந்து பாட்டி, "அந்த ரப்பரை வாயில வெச்சா, பால் குடிக்கவே மறந்துடும்" என்பார். பிள்ளை பெற்ற பெண் ஒன்றும் சொல்லமாட்டார். தூக்கம் போன கண்களோடு என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் இன்றைக்குப் பேசப்போவது முக்கியமாக அவருக்காகத்தான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சப்புவது குழந்தையின் இயல்பு. வயிற்றில் இருக்கும்போதே அது விரல் சூப்பத் தொடங்கிவிடுகிறது. பிறந்த பிறகு பசிக்காகவும் சப்பும், பசி இல்லாதபோதும் சப்பும். அப்படிச் சப்பினால் அதற்கு ஓர் அமைதி கிடைக்கிறது. கையில் வசம்பு வளையல் கட்டிவிடுவதும், கொஞ்சம் வளர்ந்ததும் மரப்பாச்சியைக் கையில் கொடுப்பதும் நம் வீடுகளில் இருந்த வழக்கம்தானே? இரண்டும் போய்ச் சேர்ந்த இடம் குழந்தையின் வாய்தான். (வசம்பை நான் சிபாரிசு செய்யவில்லை. அது உள்ளே போய் உடம்புக்கு முடியாமல் வருகிற குழந்தைகளை நாங்கள் பார்க்கிறோம்.) அதனால் சப்புகிற பொருள் ஒன்றைக் கொடுப்பதே தப்பு என்று நான் சொல்லமாட்டேன். எந்த வாரத்தில் கொடுக்கிறோம், எதற்குப் பதிலாகக் கொடுக்கிறோம் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

தாய்ப்பால் எப்படிச் சுரக்கிறது என்று தெரிந்தால் இது எளிதாகப் புரிந்துவிடும். முதல் இரண்டு மூன்று நாள் சீம்பால் கொஞ்சமாகத்தான் வரும். அந்தச் சின்ன வயிற்றுக்கு அது போதும். அப்புறம் பால் கட்டத் தொடங்கும். குழந்தை மார்பில் சப்பச் சப்ப, தாயின் மூளைக்குச் செய்தி போய்ப் புரோலாக்டின், ஆக்சிடோசின் என்ற ஹார்மோன்கள் வருகின்றன. ஒன்று பாலைச் சுரக்க வைக்கிறது, மற்றது அதை வெளியே தள்ளுகிறது. மார்பு எவ்வளவு காலியாகிறதோ அந்த அளவுக்குத்தான் அடுத்த வேளை சுரக்கும். ஆக, முதல் சில வாரங்களில் குழந்தை எத்தனை தடவை குடிக்கிறது என்பதை வைத்தே இனிவரும் மாதங்களுக்கான பால் அளவு முடிவாகிறது. 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை குடிப்பது சாதாரணம். சாயங்காலம் ஆனால் சில குழந்தைகள் மார்பை விடவே விடாது. மணிக்கணக்கில் குடிக்கும், அழும், மறுபடி குடிக்கும். வீட்டில் உடனே "பால் பத்தல" என்ற பேச்சு கிளம்பும். பல வீடுகளில் பவுடர் பால் டப்பா உள்ளே நுழைவது அந்தச் சாயங்கால நேரத்தில்தான். உண்மையில் குழந்தை அப்போது நாளைக்கான பாலுக்குச் சொல்லிவைக்கிறது.

அந்த வாரங்களில் பசித்த வாயில் பாசிஃபயரை வைத்தால் என்ன ஆகும்? குழந்தை சப்பும், களைத்துத் தூங்கிவிடும். வீடும் நிம்மதியாக இருக்கும். ஆனால் ஒரு வேளைப் பால் தவறிவிட்டது, மார்புக்குப் போக வேண்டிய செய்தியும் போகவில்லை. தலையைத் திருப்பி வாயைத் திறந்து தேடுவது, கையை வாய்க்குக் கொண்டுபோவது, நாக்கை நீட்டுவது, இவையெல்லாம் பசியின் அடையாளங்கள். அழுகை கடைசியாகத்தான் வரும். வாயில் ரப்பர் இருந்தால் முன்னால் வருகிற அடையாளங்கள் யார் கண்ணிலும் படாது.

பாட்டி சொல்வதில் நியாயம் இருக்கிறது என்று இதனால்தான் சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 1989-இல் தாய்ப்பாலுக்கான 10 படிகளை வெளியிட்டபோது, ஒன்பதாவது படி அவர் பேச்சைப் போலத்தான் இருந்தது: தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு ரப்பர் காம்போ பாசிஃபயரோ கொடுக்கக் கூடாது. 2018-இல் அதைத் திருத்தினார்கள். இப்போது பாட்டில், காம்பு, பாசிஃபயர் ஆகியவற்றைப் பயன்படுத்துவது பற்றியும் அவற்றால் வரும் சிக்கல்கள் பற்றியும் தாய்க்கு எடுத்துச் சொல்லுங்கள் என்றுதான் இருக்கிறது.

ஏன் தளர்த்தினார்கள்? கனடாவில் மான்ட்ரியால் நகரில் நடந்த ஓர் ஆய்வு 2001-இல் வெளிவந்தது. தாய்ப்பால் கொடுக்கும் 281 தாய்மார்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் பாசிஃபயரைத் தவிர்க்கச் சொன்னார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், பாலை நிறுத்தியவர்கள் கணக்கில் இரண்டு பக்கத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதே தாய்மார்களைப் பாசிஃபயர் கொடுத்தவர், கொடுக்காதவர் என்று மட்டும் பிரித்துப் பார்த்தபோது, கொடுத்தவர்கள்தான் அதிகமாகப் பாலை நிறுத்தியிருந்தார்கள். இதற்கு என்ன அர்த்தம்? பால் கொடுப்பதில் ஏற்கெனவே கஷ்டப்படுகிற தாய்தான் பாசிஃபயரைத் தேடிப் போகிறாள். காம்பு வெடித்திருக்கலாம், குழந்தை சரியாகப் பற்றாமல் இருக்கலாம், தாய்க்கே மனம் சோர்ந்திருக்கலாம். அமெரிக்காவில் ஓரிகன் மாநில மருத்துவமனை ஒன்றில் பாசிஃபயரைப் பூட்டி வைத்துப் பார்த்தார்கள். தாய்ப்பால் மட்டும் குடித்த குழந்தைகள் 79 சதவீதத்திலிருந்து 68 சதவீதமாகக் குறைந்துபோனார்கள். பவுடர் பால் கொடுப்பதுதான் கூடியது. ஒரே ஆஸ்பத்திரியின் கணக்கு என்பதால் இதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. ஆனால் பொருளைப் பிடுங்கிவிட்டால் கஷ்டமும் போய்விடும் என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

அதனால் பாசிஃபயர் வேண்டும் என்று ஒரு தாய் கேட்டால், பால் கொடுக்கும்போது வலிக்கிறதா என்று நான் முதலில் கேட்பேன். வலித்தால் குழந்தை பற்றுகிற விதத்தைச் சரிசெய்ய வேண்டும். காம்பு மட்டும் வாய்க்குள் போனால் போதாது, அதைச் சுற்றியுள்ள கருவளையமும் பெரும்பகுதி போக வேண்டும். பிரசவ வார்டு செவிலியரையோ, வீட்டுக்கு வரும் கிராம சுகாதாரச் செவிலியரையோ பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டச் சொல்லுங்கள். கூச்சப்பட இதில் எதுவும் இல்லை.

வலி இல்லை, ஐந்தாறு நாளுக்கு மேல் தினமும் 6 தடவையாவது சிறுநீர் போகிறது, பிறந்தவுடன் குறைந்த எடை இரண்டு வாரத்துக்குள் திரும்பிவிட்டது, அதற்குப் பிறகும் ஏறிக்கொண்டே இருக்கிறது என்றால், மூன்று நான்கு வாரம் கழித்துத் தாராளமாகக் கொடுங்கள். பால் குடித்து, ஏப்பம் விட்டு, துணி மாற்றி, தோளில் போட்டு நடந்தும் சிணுங்குகிற குழந்தைக்கு மட்டும். வேண்டாம் என்று துப்பினால் விட்டுவிடுங்கள், திணிக்காதீர்கள். சில குழந்தைகளுக்கு இது கடைசி வரை பிடிக்காது.

குறைமாதக் குழந்தைகளின் கதை வேறு. குழாய் வழியாகப் பால் போகும் குழந்தைக்குச் சப்பப் பழக்குவதற்கு மருத்துவமனையிலேயே முதல் நாட்களில் கொடுப்பார்கள். வாயால் குடிக்கும் நிலைக்கு அது சீக்கிரம் வர இது உதவுகிறது. கறந்த பாலை ஊட்ட நம்மிடம் சங்கும் பாலாடையும் இருக்கும்போது பாட்டிலுக்கு அவசரமே இல்லை.

தூங்கும்போது பாசிஃபயர் இருந்தால், காரணம் தெரியாமல் தூக்கத்திலேயே குழந்தை இறந்துபோகும் அபாயம் குறைகிறது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் சொல்கிறது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தை என்றால், பால் நன்றாக நிலைத்த பிறகே கொடுக்க வேண்டும் என்று அவர்களும் சேர்த்தே சொல்கிறார்கள். மல்லாக்கப் படுக்கவைப்பதுதான் அதைவிட முக்கியம். தூங்கியபின் வாயிலிருந்து விழுந்தால் எடுத்து மறுபடி வைக்கத் தேவையில்லை.

வாங்கும்போது ஒரே துண்டாக வார்த்த சிலிக்கானாகப் பாருங்கள். வெளித்தட்டு குழந்தையின் வாயைவிட அகலமாக, காற்றுத் துளைகளோடு இருக்க வேண்டும். கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிடவே கூடாது, சுருக்கிக்கொள்ளும். கொதிக்கும் நீரில் போட்டு எடுத்து, ஆறவைத்துக் கொடுங்கள். விரிசல் விட்டால் தூக்கிப் போடுங்கள். சேனை வைக்கிற பழக்கத்தில் சிலர் இதையும் தேனில் தொட்டுக் கொடுக்கிறார்கள். ஒரு வயதுக்குள் தேன் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியால் உடல் தளர்ந்துபோய், மூச்சுக்கே ஆபத்து வரலாம். சர்க்கரையும் வேண்டாம். நாக்கில் துடைத்தாலும் போகாத வெள்ளைப் படிவம் வந்து, தாய்க்கும் காம்பில் எரிச்சல் இருந்தால் அது பூஞ்சை. இருவருக்கும் சேர்த்து மருந்து போட வேண்டும்.

ஆறு மாதம் தாண்டினால் மெல்லக் குறையுங்கள். அதற்கு மேல் நாள் முழுக்கச் சப்புகிற குழந்தைகளுக்குக் காதில் சீழ் பிடிப்பது கூடுதல். பல்வரிசை கெடுவது பிறகு வருகிற தொல்லை. பகலில் முதலில் நிறுத்துங்கள், தூக்க நேரத்தில் கடைசியாக. ஒரு வயதுக்குள் நிறுத்தினால் அது பெரிய ரகளை செய்யாது. இரண்டு வயதில் பேரம் பேசும்.

வணக்கம்.