தேறிவிட்ட தவறு

வணக்கம். கைபேசியில் ஒரு கடைச் செயலியைத் திறந்து, ஒரு கிலோ துவரம் பருப்பைக் கூடையில் போடுகிறீர்கள். அந்த நொடியில் எங்கோ ஒரு கணினியில் ஒரு வரி பதிவாகிறது: என்ன பொருள், எத்தனை, என்ன விலை, எத்தனை மணிக்கு. இதை நாங்கள் ஈவென்ட் என்போம். அந்த வரியில் என்னென்ன இருக்க வேண்டும், எது கட்டாயம் என்று முன்கூட்டியே எழுதிவைப்பதுதான் ஸ்கீமா. ரயில் முன்பதிவுப் படிவம் மாதிரிதான். வயது இல்லாமல் கொடுத்தால் கவுன்ட்டரில் திருப்பித் தருவார்கள், இல்லையா?

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். செயலியை ஒரு குழு எழுதியது, இணையதளத்தை இன்னொரு குழு. செயலியிலிருந்து விலை ரூபாயில் வந்தது, 450 என்று. இணையதளத்திலிருந்து பைசாவில், 45000 என்று. பைசாவில் வைப்பது தவறே இல்லை. தசமப் புள்ளித் தொல்லை வராது என்று பலரும் செய்வதுதான். ஆனால் எங்கள் ஸ்கீமா என்ன சொன்னது? விலை ஓர் எண், பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது. அவ்வளவுதான். இரண்டும் எண்தானே, இரண்டும் தேறிவிட்டன. இணையதளத்தில்தான் ஜனங்கள் அதிகம் செலவழிக்கிறார்கள் என்று நம்பி, விளம்பரப் பணத்தை அந்தப் பக்கம் திருப்பினோம். கணக்கை நூறால் வகுத்துச் சரிசெய்ய ஒரு மதியம் போதுமாக இருந்தது. போன பணம் போனதுதான்.

திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: திருப்பி அனுப்பிய வரி கண்ணில் படும், தேறிய தவறு படாது. லண்டனில் 2012-இல் தொடங்கிய, இப்படி வரிகளைச் சேகரிக்கும் ஸ்னோபிளவ் என்ற மென்பொருளில், தேறாத வரிகளைத் தூக்கிப் போடுவதில்லை. காரணத்தோடு தனியே வைப்பார்கள். அது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. எங்கள் குறை வேறு இடத்தில் இருந்தது. விலை என்றால் என்ன என்று இரண்டு குழுவும் உட்கார்ந்து பேசவே இல்லை. அப்புறம்தான் 'பைசாவில் விலை' என்று பெயரையே மாற்றி, முழு எண் மட்டும் என்று எழுதினோம்.

ஸ்கீமாவை மாற்றும்போது அதற்குத் தரும் பதிப்பு எண்களைப் பற்றி விரிவாகப் பேச நினைத்தேன், நேரம் நெருங்கிவிட்டது. ஸ்னோபிளவ் முறையில், சுருக்கமாக: கட்டாயமில்லாத ஒரு புலத்தை, அதாவது படிவத்தில் ஒரு கட்டம் மாதிரி ஒன்றை, சேர்த்தால் 1-0-0 என்பது 1-0-1 ஆகும். பழைய வரிகள் புதிய விதிக்குப் பொருந்தாது என்றால் 2-0-0. எங்களுடையது இரண்டாவது வகை. செயலியைப் புதுப்பிக்காத கைபேசிகள் மாதக்கணக்கில் பழைய மாதிரியே அனுப்பிக்கொண்டிருந்தன. எது ரூபாய், எது பைசா என்று பிரிக்க ஒவ்வொரு வரியோடும் வரும் அந்தப் பதிப்பு எண்தான் உதவியது. நன்றி, வணக்கம்.