வாய்விட்டுப் படித்த வீடு

(நூலக வாரத்தையொட்டி, சென்னிமலை வட்டாரத்துக் கிளை நூலகம் ஒன்றின் வாசகர் வட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, முன்னால் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

வாசிப்பைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்தீர்கள். அது பெரிய தலைப்பு. அதில் ஒரு மூலையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பரீட்சைக்குப் படிப்பது ஒன்று. நூலகத்தில் வாய் திறக்காமல் படிப்பது இன்னொன்று. வீட்டில் நாலு பேர் கைவேலையாக இருக்கும்போது, ஒருவர் வாய்விட்டுப் படிக்க மற்றவர்கள் கேட்பது என்று மூன்றாவதாக ஒரு படிப்பு இருந்தது. அதை நாம் கைவிட்டுவிட்டோம். திரும்பவும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

எங்களுடையது தறி வீடு. அப்பா குழித்தறியில் போர்வை நெய்வார். அம்மா ராட்டையில் தார் சுற்றுவார், அதாவது குறுக்கே ஓடும் ஊடு நூலைச் சிறு குச்சியில் சுற்றுவார். தார் சுற்றுகிறவருக்கு இரண்டு கையும் ஓயாது. வலது கை ராட்டையைச் சுற்றும். இடது கை விரல்களுக்கு நடுவே நூல் ஓடிக்கொண்டிருக்கும். புத்தகம் பிடிக்க வழியே இல்லை. ஆனால் காது சும்மாதானே இருக்கிறது? பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அந்தக் காதுகளுக்குப் படித்துக் காட்டுவது என் பொறுப்பு. தறிச் சத்தத்துக்கு மேலே குரல் எழும்ப வேண்டும். பாவில், அதாவது தறியில் நீளவாக்கில் கட்டிய நூலில், இழை அறுந்தால் அப்பா தறியை நிறுத்தி, அறுந்த நுனிகளைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போடுவார். அந்த நேரம் அவர் கவனம் முழுவதும் நூலில் இருக்கும். முடிச்சுப் போட்டு நிமிர்ந்ததும், "அம்மணி, அந்த இடத்தை இன்னொரு தரம் படி" என்பார். மறுபடி படிப்பேன். இழை மறுபடி அறுந்தால் மூன்றாம் தரமும் படிப்பேன்.

எது நல்ல எழுத்து என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது இந்த மறுபடிப்புதான். நல்ல பத்தி மூன்றாம் தரமும் சலிக்காது. சொல்லை அடுக்கி ஒப்பேற்றியிருந்தால் இரண்டாம் தரமே நாக்கில் தடுக்கும். பிற்காலத்தில் ஆசிரியப் பயிற்சியில் எத்தனையோ படித்தேன். இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லித் தரவில்லை.

இது எங்கள் வீட்டில் மட்டும் நடந்த அதிசயம் இல்லை. கொங்கு நாட்டுச் சனங்கள் காதால் படித்தவர்கள். உடுக்கையடித்துப் பாடும், பொன்னர் சங்கர் என்ற அண்ணன் தம்பிகளின் அண்ணன்மார் கதையை இரவு இரவாக உட்கார்ந்து கேட்டவர்கள். கனடா நாட்டு மானிடவியல் ஆய்வாளர் பிரெண்டா பெக், 1965இல் நம் காங்கேயம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் தங்கி அந்தக் கதையை ஒலிநாடாவில் பதிவு செய்தார். கந்த சஷ்டி கவசம் இந்தச் சென்னிமலையில் அரங்கேறியது என்பது நம் நம்பிக்கை. அதை மனத்துக்குள் படிக்கிறவர் உண்டா? உரக்கச் சொன்னால்தான் அது கவசம்.

வாய்விட்டுப் படிப்பதில் இன்னொன்றும் இருக்கிறது. படித்தது உடனே சண்டைக்கு வரும். ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' நாவலை எங்கள் வீட்டில் படித்தேன். தாராபுரம் பக்கம் கீரனூரில் பிறந்தவர் அவர். நாவல் வெளியானது 1942இல். புருஷனை இழந்தவள் கொழுந்தனிடம் காட்டில், அதாவது குடும்ப நிலத்தில், தன் பாகத்தைக் கேட்கிறாள். அது கொலையில் போய் முடிகிறது. படித்து முடித்த அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை, அவ்வளவு வாக்குவாதம். ஊரார் பேச்சைக் கேட்டுக் குடும்பத்தைக் கெடுத்துவிட்டாள் என்றார் அப்பா. பாகம் கேட்டதில் என்ன தப்பு, கேட்காமல் இருந்தால் யாராவது கொடுத்திருப்பார்களா என்று அம்மா திருப்பிக் கேட்டார். அம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவர். அவ்வளவு தீர்க்கமாக அவர் பேசி அதற்கு முன் நான் கேட்டதில்லை. தன் சொந்தக் கதையாக இருந்திருந்தால் பேசியிருக்க மாட்டார். நாகம்மாளுக்காகப் பேசினார். தனக்காக வாய் திறக்க முடியாத ஒரு பெண்ணுக்கு, புத்தகத்தில் இருக்கிற இன்னொரு பெண்ணுக்காகப் பேச முடிகிறது. வீட்டில் படிப்பதால் என்ன பயன் என்று கேட்பவர்களிடம் நான் இந்தச் சோற்று வேளையைத்தான் சொல்வேன்.

விலை கொடுத்துப் புத்தகம் வாங்க அன்று வசதி இல்லை. வார இதழ்களில் வரும் தொடர்கதைகளை வாராவாரம் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்வது இங்கே பல வீடுகளில் இருந்த வழக்கம். எங்கள் வீட்டில் கோணி ஊசியும் தறி நூலும் கொண்டு அம்மாவே தைத்துவிடுவார். ஓரத்தில் சோப்பு விளம்பரமும் பாதி அறுபட்ட துணுக்கும் கதையோடு சேர்ந்து தைபட்டிருக்கும். அப்படி ஒரு தொடரில் நடுவே ஒரு வாரம் விட்டுப்போயிற்று. இரவல் போன இதழ் திரும்பவில்லை. முந்தைய வாரம் வண்டியில் ஏறியவள் அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறாள். இடையில் என்ன நடந்தது? வீட்டில் ஆளுக்கொன்று சொன்னார்கள். கடைசியில் அப்பா, "நீயே எழுதிச் சேர்த்துவிடு" என்றார். கோடு போட்ட நோட்டுத் தாளில் அந்த அத்தியாயத்தை நான் எழுதினேன். அம்மா அதை உரிய இடத்தில் வைத்துத் தைத்தார். அந்தத் தொகுப்பு இன்றும் என்னிடம் இருக்கிறது. அச்சுப் பக்கங்கள் பழுத்துவிட்டன, என் தாள் மட்டும் கொஞ்சம் வெளுப்பாகத் தெரியும். நான் எழுதத் தொடங்கியது, அறுந்த பாவில் முடிச்சுப் போட்ட மாதிரி, அங்கேதான்.

எழுதுவது என்றதும் கதையும் கவிதையும் மட்டும் நினைவுக்கு வர வேண்டாம். அப்பாவிடம் நீளவாக்கில் ஒரு கணக்கு நோட்டு இருந்தது. இடது பக்கம் நெய்து கொடுத்த போர்வைக் கணக்கும் வாங்கிய கூலியும். வலது பக்கம் அவருக்குத் தோன்றியவை: எந்த நாள் மழை, எந்த வாரம் நூல் விலை ஏறியது, யார் வீட்டுச் சீருக்கு என்ன மொய். "இன்று பாவு ஈரம் காயவில்லை. சும்மா இருந்தேன்" என்று ஒரு பக்கத்தில் எழுதியிருக்கிறார். கஞ்சி போட்ட பாவு காய்ந்தால்தான் நெய்ய முடியும். இரண்டே வரி. நெசவாளியின் மழைக்காலம் எப்படிப் போகும் என்பது அதில் முழுதாக இருக்கிறது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு நோட்டு இருக்கும். பரணில், பழைய டிரங்குப் பெட்டியில், சாமி படத்துக்குப் பின்னால். போகிக்கு முன்பு அதை ஒருமுறை தேடுங்கள். நம் பக்கம் விசயமங்கலத்துக் கொங்குவேளிர் இயற்றிய 'பெருங்கதை' என்ற பழைய காப்பியத்தை உ.வே. சாமிநாதையர் 1924இல் பதிப்பித்தார். முதலும் முடிவும் அவருக்குக் கிடைக்கவில்லை. நூறு ஆண்டு கழிந்தும் நமக்குக் கிடைக்கவில்லை. பழைய ஏடுகளை ஆடிப் பெருக்கில் ஆற்றோடு விடும் வழக்கம் இருந்ததை அவரே வருந்தி எழுதியிருக்கிறார். யாரும் கெட்ட எண்ணத்தோடு ஏட்டை அழிக்கவில்லை. வீட்டில் படிப்பார் இல்லை, அதனால் விட்டுவிட்டார்கள்.

நூலகத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலக வரி என்று ஒரு வரி இருக்கும். 1948இல் சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டம் செய்த ஏற்பாடு அது. சுதந்திர இந்தியாவில் நூலகத்துக்கென்று வந்த முதல் சட்டம் அதுதான். அப்போது கல்வி அமைச்சராக இருந்தவர் திருப்பூரில் பிறந்த தி.சு. அவினாசிலிங்கம். அவர் தொடங்கிய கோவை ராமகிருஷ்ண வித்யாலயத்தில் ஆசிரியராக இருந்தவர்தான் பெரியசாமித் தூரன். மொடக்குறிச்சிப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியத்துக்கு முதன்மை ஆசிரியராக இருந்தார். 1954இல் முதல் தொகுதி, 1968இல் கடைசித் தொகுதி. அதன் பிறகும் ஓயாமல் குழந்தைகளுக்காக இன்னொரு பத்துத் தொகுதி. தமிழ்நாட்டு நூலகங்களுக்குச் சட்டம் கொண்டுவந்தவரும், அவற்றின் அலமாரியில் வைக்கக் களஞ்சியம் தொகுத்தவரும் நம் மண்ணிலிருந்து போனவர்கள். அந்த அலமாரியில் இருக்கிற புத்தகத்துக்கு உங்கள் வீடு ஏற்கெனவே பணம் கட்டிவிட்டது. எடுத்துக்கொண்டு போகத் தயங்காதீர்கள்.

விசைத்தறி ஓடும் வீட்டில் எப்படிப் படிப்பது என்று முன்பு ஒரு தங்கை கேட்டார். நியாயமான கேள்வி. அந்தச் சத்தத்தில் பேச்சே கேட்காது. ஆனால் தறி நிற்கிற வேளையும் வருகிறது. கடலைக்காய் உரிக்கிறோம், சின்ன வெங்காயம் ஆய்கிறோம், பூக் கட்டுகிறோம். திருப்பூர் கம்பெனிகளிலிருந்து வரும் பனியனுக்குப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பிசிறு வெட்டுகிறோம். இந்த வேலைகளிலும் கைதான் ஓயவில்லை, காது சும்மாதான் இருக்கிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தால் போதும். அது தப்பாகப் படித்தால் உடனே திருத்தாதீர்கள், கதை நின்றுவிடும்.

அடுத்த மாதக் கூட்டத்தை வாய்விட்டுப் படிக்கும் கூட்டமாகவே நடத்துவது என்று வாசகர் வட்டத்தில் முடிவு செய்திருக்கிறோம். வீட்டிலிருக்கும் பழைய கணக்கு நோட்டு, கடிதம், மொய் நோட்டு, தைத்து வைத்த தொடர்கதை, எது இருந்தாலும் கொண்டுவாருங்கள். எழுத்துப் பிழை, கிறுக்கல் என்று கூச வேண்டாம். படித்துக் காட்ட நாங்கள் இருக்கிறோம். படித்ததும் உங்கள் கையிலேயே திருப்பித் தந்துவிடுவோம். அப்பாவின் நோட்டை நான் கொண்டுவருகிறேன். வருகிறவர்கள் நூலகரிடம் இன்றே பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள். வணக்கம்.