4 ஜி.பி. லேப்டாப்பில் எந்தப் பழைய ஆர்.பி.ஜி. ஓடும்? வெளிவந்த ஆண்டை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்!

[திரையில்: ஒரே கோட்டைவாசல், பழைய பதிப்பிலும் புதிய பதிப்பிலும், பக்கம் பக்கமாக]

வணக்கம் நண்பர்களே. ஆர்.பி.ஜி. என்றால், ஒரு கதாபாத்திரமாக மாறி அதன் கதையை நாமே நடத்திச் செல்லும் விளையாட்டு. 2006இல் வெளிவந்த ஆப்லிவியன் என்ற ஆர்.பி.ஜி. ஓடுவதற்கு 512 எம்.பி. ரேம் போதுமானதாக இருந்தது. அதே கதையோடும் அதே நிலப்பரப்போடும் 2025இல் புதுப்பிக்கப்பட்டு வந்த பதிப்பு, குறைந்தது 16 ஜி.பி. ரேமும் தனி கிராபிக்ஸ் கார்டும் கேட்கிறது. ரேம் தேவை மட்டும் 32 மடங்கு கூடியிருக்கிறது. 'பழைய விளையாட்டுதானே, நம் லேப்டாப்பில் ஓடிவிடும்' என்று எண்ணிப் பணம் கட்டிவிட்டு ஏமாறுபவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். அந்த ஏமாற்றம் உங்களுக்கு நேரக்கூடாது என்பதற்காகவே இந்த வீடியோ.

4 ஜி.பி. ரேம், தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத சாதாரண இன்டெல் சிப், 1366-க்கு 768 அளவுள்ள திரை: இதைத்தான் எளிய லேப்டாப் என்று இங்கே சொல்கிறேன். தனி கார்டு இல்லாததால், படம் வரைவதற்கான நினைவகத்தையும் அந்த 4 ஜி.பி.யிலிருந்தே சிப் எடுத்துக்கொள்கிறது என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது முக்கியமான கேள்வி. அந்த விளையாட்டின் காட்சிகள் முன்கூட்டியே வரையப்பட்டவையா, அல்லது நீங்கள் விளையாடும்போது நொடிக்கு நொடி உங்கள் கணினி வரைய வேண்டியவையா? ஒரு விளையாட்டு உங்கள் லேப்டாப்புக்கு ஏற்றதா என்பதை, அது வெளிவந்த ஆண்டைவிட இந்தக் கேள்விக்கான விடைதான் தெளிவாகச் சொல்லும்.

[திரையில்: பால்டர்ஸ் கேட், மழை பெய்யும் ஊர்த்தெரு]

பயோவேர் நிறுவனம் உருவாக்கி 1998இல் வெளிவந்த பால்டர்ஸ் கேட் விளையாட்டைப் பாருங்கள். கல் பாவிய தெரு, கூரைகள், மரங்கள், கடைப்பலகை ஆகிய அனைத்தையும் அவர்கள் தங்கள் கணினிகளில் முப்பரிமாணமாக உருவாக்கி, ஒளியும் நிழலும் சேர்த்து, இறுதியில் தட்டையான ஓவியங்களாக மாற்றிச் சேமித்துவிட்டார்கள். உங்கள் லேப்டாப் அந்த ஓவியத்தை 64-க்கு 64 புள்ளிகள் கொண்ட சிறு சதுரங்களாக எடுத்துத் திரையில் பரப்பி, அதன்மேல் மனிதர்களை நடக்கவிடுகிறது. அவ்வளவுதான் அதன் வேலை. கோயில் சுவரில் உள்ள ஓவியத்தை நாம் காண்பதற்கு ஒரு விளக்கு போதும். ஓவியர் பட்ட பாட்டை நாம் மறுபடியும் பட வேண்டியதில்லை. அந்த ஓவியங்களைச் சுமக்கத்தான் இந்த விளையாட்டுக்கு 5 சிடிக்கள் தேவைப்பட்டன. ஆனால் அன்று அது கேட்ட ரேம் வெறும் 16 எம்.பி.தான். வட்டில் எடை அதிகம், கணினிக்குச் சுமை குறைவு என்ற இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. இன்னொரு மகிழ்ச்சியும் உண்டு: கையால் செப்பனிடப்பட்ட அந்தத் தெருக்கள், அதே காலத்து முப்பரிமாண விளையாட்டுகளின் கட்டம் கட்டமான முகங்களைப் போல மூப்படையவில்லை.

அதே எஞ்சினில், அதாவது விளையாட்டை இயக்கும் அதே அடிப்படை மென்பொருளில், 1999இல் பிளாக் ஐல் நிறுவனம் உருவாக்கிய பிளேன்ஸ்கேப்: டோர்மென்ட்டைத்தான் நான் முதலில் பரிந்துரைப்பேன். தன் பெயரையே மறந்த ஒருவன் பிணவறை மேடையில் கண் விழிக்கிறான். மிதந்து வரும் ஒரு மண்டையோடு அவனிடம் பேச்சுக் கொடுத்து, அவன் முதுகில் பச்சை குத்தப்பட்டிருக்கும் எழுத்துகளை அவனுக்கு வாசித்துக் காட்டுகிறது. அவனால் சாக முடியாது என்பதுதான் கதையின் முடிச்சு. வாளைவிடப் பேச்சுக்கு வேலை அதிகம் உள்ள விளையாட்டு இது. நிறைய ஆங்கிலம் வாசிக்க வேண்டியிருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வாசிப்பில் விருப்பம் உள்ளவர்கள் தயங்கவே வேண்டாம். 2017இல் வந்த மேம்படுத்தப்பட்ட பதிப்பு அகலத் திரைக்குப் பொருந்துவதோடு, காட்சியை அருகே இழுத்துப் பார்க்கவும் இடம் தருகிறது. அதுவும் தட்டை ஓவியங்களிலேயே நிற்பதால் எளிய லேப்டாப் அதைத் தாங்கும்.

[திரையில்: ஃபால்அவுட் 2, கதாபாத்திரத்தை உருவாக்கும் பக்கம்]

அடுத்து 1997இல் வந்த ஃபால்அவுட், 1998இல் வந்த ஃபால்அவுட் 2. இவையும் தட்டைப் படங்கள்தாம். சண்டை முறை வைத்து, ஒருவர் பின் ஒருவராக நடப்பதால், மவுஸ் இல்லாமல் டச்பேடிலேயே நிதானமாக விளையாட முடியும். இங்கே ஒரு விவரத்தை உங்களோடு பகிர்ந்துகொள்ளாமல் என்னால் நகர முடியாது. உங்கள் நாயகனின் அறிவுத்திறனை மிகக் குறைவாக வைத்துத் தொடங்கினால், அவனால் முழு வாக்கியம் பேச முடியாது. ஊரார் அவனிடம் பேசும் விதமும் மாறிவிடும். இரண்டாம் பாகத்தில் கிளாமத் என்ற ஊரில் டோர் என்றொரு அப்பாவி இளைஞன் இருக்கிறான். சாதாரண நாயகனுக்கு அவன் பேச்சு திக்கித் திணறும் சொற்களாகவே கேட்கும். அறிவுத்திறன் குறைந்த நாயகனோடு போய்ப் பேசிப் பாருங்கள்: இருவரும் படித்த கனவான்களைப் போல அழகிய, நீண்ட வாக்கியங்களில் உரையாடுகிறார்கள்! உலகம் மதிக்காத இருவர் ஒருவரையொருவர் முழுமையாகப் புரிந்துகொள்ளும் இந்தக் காட்சியை எழுதியவர்களை நான் மனதாரப் பாராட்டுகிறேன். இதற்குத் தேவைப்பட்டது எந்த கிராபிக்ஸ் கார்டும் அன்று, ஓர் எழுத்தாளரின் உழைப்பு.

திரையின் தெளிவுத்திறனை மட்டும் அளவுக்கு மீறி உயர்த்தாதீர்கள். இத்தகைய விளையாட்டுகளில் மனிதர்கள் எறும்புகளாகச் சுருங்கிவிடுவார்கள்.

முப்பரிமாண உலகம்தான் வேண்டும் என்பவர்களுக்கு 2002இல் வந்த மோரோவிண்ட் பொருத்தமானது. தொலைவில் உள்ளவற்றை மூடுபனியால் மறைத்து, கணினி வரைய வேண்டியதைக் குறைத்துக்கொள்ளும் விளையாட்டு அது. பார்வைத் தொலைவை நீங்களே கூட்டலாம், குறைக்கலாம். செல்ல வேண்டிய இடத்தை அம்புக்குறி காட்டாது. 'பாலத்தைத் தாண்டி வலப்பக்கம் திரும்பு' என்ற பாணியில் ஊரார் வழி சொல்வார்கள். நீங்கள் அதைக் குறித்துக்கொண்டு நடக்க வேண்டும். மூல விளையாட்டை வாங்கியபின், ஓப்பன்எம்டபிள்யூ என்ற இலவச எஞ்சினில் அதை ஓட்டலாம். லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கும் அது கிடைக்கிறது. அதற்குப் பின் வந்த 2011 ஸ்கைரிம், அமைப்புகளை எல்லாம் தாழ்த்தி வைத்தால் ஓரளவு நகரும். ஆனால் அதற்காகவே ஒரு லேப்டாப்பைக் கொதிக்க விடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

டயாப்லோ 2-வுக்கும் ஒரு சொல்: 2000இன் மூலப் பதிப்பு எதிலும் ஓடும், 2021இன் புதுப்பித்த பதிப்பு 8 ஜி.பி. கேட்கும். ஓயாமல் சொடுக்க வேண்டியிருப்பதால் மவுஸ் அவசியம்.

பழைய சிடி கையில் இருந்தாலும் அதை நம்ப வேண்டாம். அக்காலத்துச் சிடிக்களில் இருந்த நகல்தடுப்புப் பூட்டு நிரல்கள் பலவற்றை விண்டோஸ் 10 ஏற்பதில்லை. 16 பிட் நிறுவல் கோப்புகள் 64 பிட் விண்டோஸில் திறப்பதே இல்லை. பூட்டுகள் இல்லாமல் விற்கும் ஜி.ஓ.ஜி. தளம் 2008 முதல் இந்த வேலையைத்தான் செய்துவருகிறது. தள்ளுபடி நாளுக்காகக் காத்திருந்து அங்கே வாங்குங்கள். பணமே செலவிட முடியாதவர்களுக்கு, 1996இல் வந்த டேகர்ஃபால் விளையாட்டை அதன் நிறுவனமே இலவசமாகத் தருகிறது.

உங்கள் லேப்டாப்பின் ரேம், சிப்பின் பெயர், நீங்கள் மவுஸ் வைத்திருக்கிறீர்களா என்ற மூன்றையும் கருத்துப் பகுதியில் எழுதுங்கள்; எந்த விளையாட்டில் தொடங்கலாம் என்று ஒவ்வொருவருக்கும் பதில் எழுதுகிறேன். டோரைச் சந்தித்தவர்கள், எந்த அறிவுத்திறனோடு போனீர்கள் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.