ஜான் ஆடம்ஸ் வாதாடிய வழக்கு

நேயர்களுக்கு வணக்கம். ஜான் ஆடம்ஸ் அமெரிக்காவின் இரண்டாவது குடியரசுத் தலைவர். அந்தப் பதவிக்கு அவர் வந்தது 1797-இல். அதற்கு 27 ஆண்டுகள் முன்பு, அப்போது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த பாஸ்டன் நகரத்தில் வக்கீலாக அவர் எடுத்த ஒரு வழக்கைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

1770, மார்ச் 5, இரவு. சுங்க அலுவலக வாசலில் காவல் நின்ற பிரிட்டிஷ் சிப்பாயைக் கூட்டம் வளைத்துக்கொண்டது. பனிக்கட்டிகள் பறந்தன, தடிகள் ஓங்கின. கேப்டன் பிரெஸ்டன் சில சிப்பாய்களோடு துணைக்கு வந்தார். துப்பாக்கிகள் வெடித்தன. ஐந்து உயிர்கள் போயின. மறுநாள் கேப்டனுக்காகவும் சிப்பாய்களுக்காகவும் வாதாட ஒப்புக்கொண்டவர்களில் முக்கியமானவர் ஆடம்ஸ். பிரிட்டிஷ் வரிகளை எதிர்த்த அணியைச் சேர்ந்தவர் அவர் என்பதை மனதில் வைத்துக் கேளுங்கள்.

வழக்கில் ஒரு சிக்கல். "சுடச் சொல்லவில்லை" என்றால் கேப்டன் தப்பலாம். "சொன்னதால்தான் சுட்டோம்" என்றால் சிப்பாய்கள் தப்பலாம். ஒருவர் தப்பினால் மற்றவர் மாட்டுவார். விசாரணை தனித்தனியாகவே நடந்தது. அக்டோபரில் கேப்டன் விடுதலையானார். எட்டுச் சிப்பாய்களின் வழக்கு நவம்பர் 27-இல் தொடங்கியது. ஜூரிகளில் பாஸ்டன்காரர் ஒருவர்கூட இல்லை.

இனி நான் சொல்லப்போவது எனக்கு மிகவும் பிடித்த இடம். செத்துப்போன ஐவரில் பேட்ரிக் கார் என்ற அயர்லாந்துக்காரர் ஒன்பது நாள் உயிரோடு இருந்தார். வைத்தியம் பார்த்த டாக்டர் ஜெஃப்ரீஸிடம் அவர் மனம்விட்டுப் பேசினார். அயர்லாந்தில் கூட்டத்தைச் சிப்பாய்கள் சுட்டதைப் பலமுறை பார்த்திருக்கிறாராம். ஆனால் சுடுவதற்கு முன் இவர்கள் பொறுத்த அளவில் பாதிகூட யாரும் பொறுத்து அவர் பார்த்ததில்லையாம். தன்னைச் சுட்டவன் மேலும் அவருக்குக் கோபமில்லை. குண்டடிபட்டவரே சொல்கிறார், பாருங்கள்! பிறர் சொல்லக் கேட்டது பொதுவாகச் சாட்சியம் ஆகாது. ஆனால் சாகும் தறுவாயில் ஒருவர் சொன்னது ஆகும். பத்திரிகையில் நாம் அடிக்கடி படிக்கும் மரண வாக்குமூலம்தான் இது. டாக்டர் கூண்டேறி அதைச் சொன்னார்.

ஆடம்ஸ் ஜூரிகளுக்கு இரண்டு வழி காட்டினார். உயிருக்கு ஆபத்து வந்து சுட்டிருந்தால் அது தற்காப்பு, குற்றமே இல்லை. ஆபத்து அந்த அளவுக்கு இல்லை, ஆனால் தாக்கப்பட்ட ஆத்திரத்தில் சுட்டார்கள் என்றால் குற்றம் உண்டு. ஆனாலும் தூக்குக்குரிய கொலை ஆகாது. ஆறு பேர் விடுதலை. கில்ராய், மான்ட்கமரி இருவரும் சுட்டுக் கொன்றதற்கு நேரடிச் சாட்சி இருந்ததால், அவர்கள் மேல் அந்தச் சிறிய குற்றம் விழுந்தது. முதல் குற்றத்துக்கு மட்டும் கிடைக்கும் ஒரு பழைய சட்டச் சலுகையை இருவரும் கேட்டார்கள். கட்டைவிரலில் சூடு போட்டு அனுப்பினார்கள். அதே சலுகையை மறுமுறை கேட்டால் காட்டிக்கொடுக்கத்தான் அந்தச் சூடு.

பாஸ்டன் இருக்கும் மாநிலமான மாசசூசெட்ஸின் அரசியல் சாசனத்தைப் பற்றி விரிவாகப் பேச நினைத்தேன், கடிகாரம் விடவில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். 1780-இல் நடைமுறைக்கு வந்தது, பெரும்பகுதியை எழுதியவர் ஆடம்ஸ். குற்றம் சாட்டப்பட்டவர் வக்கீல் வைத்து வாதாடும் உரிமையும், ஒழுங்காக நடக்கும்வரை நீதிபதியைப் பதவியிலிருந்து இறக்க முடியாது என்ற விதியும் அதில் உண்டு. பல திருத்தங்களோடு இன்றும் அமலில் இருக்கிறது. வணக்கம்.