பேரேடும் விரலும்

வணக்கம் நேயர்களே. நாமே எழுதும் கிளாஸை ஃபார் லூப்பில் ஓட வைப்பது எப்படி என்று இன்று பார்ப்போம். இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்கோயில், நேமம் என்று தொடங்கி நகரத்தார் கோயில்கள் 9. இந்த ஒன்பது பெயரையும் வைக்க, பைத்தான் என்ற நிரல்மொழியில் 'கோயில்கள்' என்று ஒரு கிளாஸ், அதாவது தரவையும் அதன் வேலைகளையும் சேர்த்து வைக்கும் வார்ப்பு, எழுதுகிறீர்கள். பெயர்கள் அதனுள் ஒரு லிஸ்ட்டில் இருக்கின்றன. ஒவ்வொன்றாக எடுத்துத் தரும் ஃபார் லூப்பில் அந்தக் கிளாஸின் பொருளைப் போட்டால் 'டைப்எரர்' என்ற பிழை வருகிறது. உள்ளே லிஸ்ட் இருப்பதை பைத்தான் பார்ப்பதில்லை. அது தேடுவது 'இட்டர்' என்ற மெத்தடை, அதாவது கிளாஸுக்குள் எழுதும் ஃபங்ஷனை. பெயருக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு அடிக்கோடு.

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். இட்டர் மெத்தடில், எத்தனையாவது பெயரில் நிற்கிறோம் என்ற எண்ணிக்கையைச் சுழியமாக்கி, 'செல்ஃப்'பையே, அதாவது அதே பொருளையே, திருப்பித் தந்து, அடுத்த பெயரைத் தரும் 'நெக்ஸ்ட்' மெத்தடையும் அதே கிளாஸில் எழுதிவிடுகிறார்கள். ஒற்றை லூப்பில் குறை தெரியாது. கோயிலுக்குக் கோயில் தூரம் போட, லூப்புக்குள் லூப் வையுங்கள். 81 ஜோடி வர வேண்டிய இடத்தில் 9 தான் வரும். உள் லூப் ஓடி முடித்தபோதே எண்ணிக்கை கடைசிக்குப் போய்விட்டது. வெளி லூப் அடுத்ததைக் கேட்டால் கிடைப்பது 'ஸ்டாப்இட்டரேஷன்', அதாவது 'முடிந்தது' என்ற சைகை. எரர் எதுவும் காட்டாது என்பதுதான் இதில் கொடுமை. கணக்கு மட்டும் பிசகும்.

பழைய வீடுகளில் பேரேடு ஒன்றே. படிக்கிறவர் இருவர் என்றால், வரிமேல் ஓடும் விரலும் இரண்டு வேண்டும். கிளாஸ் பேரேடு; எங்கே நிற்கிறோம் என்று நினைவில் வைத்து ஒவ்வொன்றாகத் தரும் இட்டரேட்டர் விரல். இட்டர் அழைக்கப்படும் ஒவ்வொரு முறையும் புது விரல் தர வேண்டும்.

அதற்கு ஒரே வரி போதும்: உள்ளே இருக்கும் லிஸ்ட்டை, அடிக்கோடு இல்லாத 'இட்டர்' ஃபங்ஷனுக்குக் கொடுத்து, கிடைப்பதை ரிட்டர்ன் செய்யுங்கள். தரும்போது வடிகட்ட வேண்டுமானால், ஃபார் லூப் போட்டு, ஒவ்வொன்றாக வெளியே தரும் 'யீல்டு' எழுதுங்கள். அந்த மெத்தட் ஜெனரேட்டராகிவிடும்; அழைக்கும்போதெல்லாம் தானே புது விரல் தரும். நெக்ஸ்ட் எழுதும் வேலையே இல்லை. ஜெனரேட்டருக்குள் ஸ்டாப்இட்டரேஷனை நீங்களே எழுப்பாதீர்கள். 3.7 பதிப்பு முதல் அது 'ரன்டைம்எரர்' ஆகிவிடும். நிறுத்த வெறும் ரிட்டர்ன் போதும்.

லூப் ஓடும்போதே லிஸ்ட்டில் கை வைக்கக் கூடாது. மாத்தூரில் நிற்கும்போது அதை நீக்கினால், வைரவன்கோயில் அந்த இடத்துக்கு நகரும். விரல் அடுத்த இடத்துக்குத் தாவி நேமத்தில் நிற்கும். நீக்கியே ஆக வேண்டுமென்றால் நகல் எடுத்து அதன்மேல் ஓட்டுங்கள்.

எழுதி முடித்ததும் இரட்டை லூப்பில் எண்ணிப் பாருங்கள். 81 வந்தால்தான் கிளாஸைப் பிறர் கையில் கொடுக்கலாம்.