ரன் என்றால் ஓடு மட்டும்தானா?

அவையோர்க்கு வணக்கம். ஆங்கில வகுப்புக்குப் போகும் பிள்ளைகள் பலர் முன்வரிசையில் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே ‘ரன்’ என்ற சொல்லை இன்று எடுத்துக்கொண்டேன்.

ஒக்ஸ்போர்ட் பேரகராதியின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் மிக நீண்ட பதிவு ‘செட்’ என்ற வினைச்சொல்லுக்குத்தான் இருந்தது. பின்னர் திருத்தும் வேலை நடந்தபோது ‘ரன்’ அதை முந்திவிட்டது. வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 645 பொருள்களைக் கண்டார்கள். இத்தனையையும் மனப்பாடம் செய்யச் சொல்லும் ஆசிரியர் யாராவது இருந்தால் அவரிடமிருந்து நீங்களும் ஓடிவிடுங்கள்.

கிரிக்கெட்டையே பாருங்கள். 1997இல் கொழும்பில் நம் கெத்தாராமை மைதானத்தில் இலங்கை அணி இந்தியாவுக்கு எதிராக 6 விக்கெட்டுக்கு 952 ஓட்டங்கள் குவித்தது. சனத் ஜயசூரிய 340. ஆறு அடித்தவர் ஓரடிகூட ஓடுவதில்லை. கணக்கில் மட்டும் ஆறு ‘ரன்’ ஏறிவிடுகிறது! ஓடியும் விக்கெட்டின் முன்னுள்ள கோட்டை நேரத்துக்கு எட்டாதவர் ‘ரன் அவுட்’. 2022இல் பெற்றோல் நிலையங்களின் முன்னே நாள்கணக்கில் வரிசையில் நின்றோமே, அப்போது பெற்றோலும் ‘ரன் அவுட்’தான். அங்கே ஆட்டமிழப்பு, இங்கே தீர்ந்துபோதல்.

தேர்தலில் அமெரிக்கர் ‘ரன்’ பண்ணுவார், பிரித்தானியர் நிற்பார். இந்த விடயத்தில் நாம் பிரித்தானியர் பக்கம்.

இதற்கெல்லாம் வழி தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. பலபொருள் ஒருசொல்லின் பொருள், அதனோடு வரும் வினையாலும் இனத்தாலும் சார்பாலும் தெளிவாகும் என்கிறது அதன் கிளவியாக்கம் என்ற இயல். ‘மா பூத்தது’ என்றால் மரம். ‘மா பாய்ந்தது’ என்றால் குதிரை. ‘மா அரித்தாயிற்றா?’ என்று வெள்ளவத்தையில் ஒரு வீட்டுச் சமையலறையிலிருந்து குரல் வந்தால் இடியப்பம் தயாராகிறது என்று பொருள். யாரும் குழம்புவதில்லை.

நம் ‘ஓடு’ மட்டும் சளைத்ததா? கடை ஓடுகிறது, படம் ஓடுகிறது, மூக்கு ஓடுகிறது. ‘உங்களுக்குக் கார் ஓடத் தெரியுமா?’ என்று நாம் கேட்டால் சென்னை உறவினர் விழிக்கிறார். அவர் ஊரில் ஓடுவது கார். ஆள் ஓட்டத்தான் வேண்டும். நம் பேச்சில் ஆளே ஓடுகிறார். இதில் பிழை ஒன்றும் இல்லை.

ஆகவே பிள்ளைகளே, கொப்பியில் ‘ரன் – ஓடு’ என்று தனியாக எழுதாதீர்கள். பக்கத்துச் சொல்லையும் சேர்த்து முழுத் தொடராக எழுதுங்கள். வங்கியை ‘ரன்’ பண்ணினால் நீங்கள் அதை நடத்துகிறீர்கள். இடையில் ‘ஒன்’ என்ற சிறு சொல் புகுந்து ‘ரன் ஒன் த பேங்க்’ ஆகிவிட்டால், பணம் போட்டவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் அதைத் திருப்பி எடுக்க முண்டியடிக்கிறார்கள். கொழும்பின் காலி வீதியில் நண்பரை ‘ரன் இன்ட்டு’ செய்தால் தற்செயலாகக் கண்டு கதைத்துவிட்டு வீட்டுக்கு வரலாம். ‘ரன் ஓவர்’ செய்தால் பொலிஸ் நிலையத்துக்குத்தான் போகவேண்டும்.